வானத்தைப் பங்கு போட்டவர்கள்

1948 ஜூன் 24 அன்று சோவியத் படைகள், தங்கள் பிடியிலிருந்த கிழக்கு ஜெர்மனிக்கு நடுவே மேற்கு நாடுகளின் கையில் இருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் என்று தரைவழி அத்தனையையும் அடைத்தன. உள்ளே இருபது லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். அடுத்த பதினைந்து மாதங்களில் அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் ஏறக்குறைய 2,78,000 முறை பறந்து சுமார் 23 லட்சம் டன் சரக்கைக் கொண்டுபோய் இறக்கின. அதில் பெரும்பகுதி நிலக்கரி.

இந்தக் கதையில் விமானிகளின் சாகசத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தரையை அடைத்தவர்கள் வானத்தை ஏன் விட்டுவைத்தார்கள்? சுட்டால் போர் மூளும் என்ற பயம் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஒரு காகிதம். பெர்லினுக்கு மூன்று வான்பாதைகள், ஒவ்வொன்றும் 32 கிலோமீட்டர் அகலம் என்று 1945 நவம்பர் 30 அன்று, போரில் வென்ற அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன் நான்கும் எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தன. சாலைக்கும் ரயிலுக்கும் அப்படி எழுத்து உத்தரவாதம் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சோடு விட்டிருந்தார்கள். அதனால் தொழில்நுட்பக் கோளாறு என்று ஒரு சாக்குச் சொல்லித் தண்டவாளத்தை மூட முடிந்தது. வான்பாதையை மூடுவதென்றால் தாங்கள் போட்ட கையெழுத்தையே மறுக்க வேண்டியிருந்தது.

விமானத்தைப் பற்றிப் பேச வந்தால் உலகம் சுருங்கிவிட்டது என்றுதான் தொடங்குவார்கள். சரி, சுருங்கியது. யாருக்குச் சுருங்கியது, அந்தச் செலவு யார் தலையில் விழுந்தது என்று பார்க்கும்போது இயந்திரத்தைவிட இந்த மாதிரிக் காகிதங்கள்தான் அதிகம் தட்டுப்படுகின்றன.

முதலில் வானம் யாருக்குச் சொந்தம் என்பதே தெளிவாக இல்லை. கடலைப் போல அதுவும் எல்லாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று வாதிட்ட சட்ட வல்லுநர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்தார்கள். முதல் உலகப் போரில் தலைக்கு மேலிருந்து குண்டு விழுந்ததும் அந்த வாதம் செத்துப்போனது. 1919-ல் பாரிஸில் கையெழுத்தான ஒப்பந்தம், ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளியில் முழு உரிமை உண்டு என்று எழுதியது.

அடுத்த பெரிய பேரம் 1944 நவம்பரில் சிகாகோவில் நடந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன, சோவியத் யூனியன் வரவில்லை. இரண்டாம் உலகப் போர் இன்னும் முடியாத நேரம். அமெரிக்காவிடம் போக்குவரத்து விமானங்கள் குவிந்து கிடந்தன. பிரிட்டனிடம் அந்த அளவுக்கு விமானங்கள் இல்லை, ஆனால் பேரரசு முழுக்க இறங்குதளங்கள் இருந்தன. அமெரிக்கக் குழுவின் தலைவர் அடோல்ஃப் பெர்ல், யார் வேண்டுமானாலும் எங்கும் பறக்கட்டும் என்றார். அதில் ஜெயிக்கப்போவது யார் என்று பிரிட்டனின் லார்ட் ஸ்வின்டனுக்குத் தெரியாதா என்ன? எந்த நாட்டுக்கு எத்தனை சேவை என்று பங்கிட்டுக் கொடுக்க ஒரு சர்வதேச அமைப்பு வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். ஐந்து வாரம் பேசியும் இந்த விஷயத்தில் உடன்பாடு வரவில்லை. பாதுகாப்பு, பதிவு எண், விபத்து விசாரணை போன்றவற்றில் உலகம் ஒன்றுபட்டது. வியாபாரத்தை மட்டும், நீங்களே இரண்டிரண்டு நாடாகப் பேசிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்காவும் பிரிட்டனும் 1946-ல் பெர்முடாவில் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் மற்றவர்களுக்கு முன்மாதிரி ஆனது.

இன்றும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும் பெரும்பாலான விமானங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு இருதரப்பு ஒப்பந்தம் இருக்கிறது. எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை தடவை, எத்தனை இருக்கை என்றுகூட பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். உரிமைகளைப் படிப்படியாக எண்ணுகிறார்கள். தலைக்கு மேல் கடந்துபோவது முதல் உரிமை. எரிபொருள் நிரப்ப மட்டும் இறங்குவது இரண்டாவது. தன் நாட்டிலிருந்து ஆளை ஏற்றிப்போவது மூன்றாவது, அங்கிருந்து ஏற்றி வருவது நான்காவது. தன் நாட்டில் தொடங்கும் பயணத்தின் வழியில் இரண்டு அந்நிய நாடுகளுக்கு நடுவே ஆள் ஏற்றுவது ஐந்தாவது; இதை யாரும் லேசில் கொடுக்க மாட்டார்கள்.

சின்ன நாடுகள் சில இந்தக் கணக்கில் ஒரு சந்து இருப்பதைக் கண்டுபிடித்தன. மூன்றையும் நான்கையும் சேர்த்தால் போதும்: ஒரு நாட்டிலிருந்து ஆளைத் தன் ஊருக்குக் கொண்டுவா, அங்கே விமானம் மாற்றி வேறொரு நாட்டுக்கு அனுப்பு. உள்நாட்டுப் பயணம் என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லாத சிங்கப்பூரும் துபாயும் தோஹாவும் இப்படித்தான் உலகின் சந்திப்புகளாயின. துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் 1985-ல் தொடங்கியபோது கையில் இருந்தது பாகிஸ்தானின் விமான நிறுவனமான பிஐஏ வாடகைக்குக் கொடுத்த இரண்டு விமானங்கள். விமான நிலையத்தைச் சுற்றி ஹோட்டல், கிடங்கு, வங்கி, வீட்டுமனை என்று ஒரு பொருளாதாரமே வளர்ந்தது. வளைகுடா நிறுவனங்களுக்கு அரசு பணம் கொட்டுகிறது என்று அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் பல வருடம் சண்டை போட்டன. ஆரம்பத்தில் அரசுப் பணத்திலும் பாதுகாப்பிலும் வளர்ந்தவர்கள் அவர்களும்தான் என்பது வேறு விஷயம்.

அதே ஏற்பாட்டின் மறுபக்கத்தைப் பார்க்க ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டும். காலனிய அரசுகள் தங்கள் தலைநகருக்கு வருகிற மாதிரித்தான் வழிகளைப் போட்டன. விடுதலைக்குப் பிறகு ஒவ்வொரு அரசும் தன் நிறுவனத்தைக் காப்பாற்றப் பக்கத்து நாட்டு விமானத்துக்குக் கதவைப் பாதி மூடி வைத்தது. அதனால் ஆப்பிரிக்காவிலேயே ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகப் பாரிஸ் வழியாகச் சுற்றுவது பலருக்குப் பழகிப்போனது. 1999-ல் யமுசுக்ரோ முடிவு என்று ஒன்றை எடுத்து, நமக்குள் திறந்துவிடுவோம் என்றார்கள். 2018-ல் ஒரே ஆப்பிரிக்க வான் சந்தை என்று மறுபடி அறிவித்தார்கள். நடைமுறை இன்னும் அறிவிப்புகளுக்குப் பின்னால்தான் வருகிறது. விமானம் இருக்கிறது, ஓடுபாதை இருக்கிறது, பயணிக்கு நேர்வழி இல்லை.

வான்வெளி சொந்தம் என்று ஆனபிறகு அதைப் பூட்டவும் முடியும். பனிப்போர்க் காலத்தில் மேற்கத்திய விமானங்களுக்குச் சைபீரியா பெரும்பாலும் மூடியே இருந்ததால், ஐரோப்பாவிலிருந்து டோக்கியோ போகிறவர்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி ஏறினார்கள். ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்னேர் 1983-ல் வடதுருவத்தைச் சுற்றி ஹெல்சிங்கி–டோக்கியோ இடைநில்லாமல் பறக்கத் தொடங்கியது, சுமார் 13 மணி நேரம். சோவியத் யூனியன் உடைந்து சைபீரியா திறந்ததும் அது ஒன்பது, ஒன்பதரை மணி நேரமாகக் குறைந்தது. கடந்துபோகிற ஐரோப்பிய நிறுவனங்கள் ரஷ்யாவின் ஏரோஃப்ளோட் விமான நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டின. 2022-ல் உக்ரைன் போரும் தடைகளும் வந்தன, வான்வெளி மறுபடி மூடியது, பயணம் மறுபடி 13 மணி நேரம் ஆனது. சீன நிறுவனங்களுக்கு அந்தத் தடை இல்லை. அவை குறுக்கே பறந்து எரிபொருளை மிச்சம் பிடிக்கின்றன.

2017-ல் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாருக்குத் தங்கள் வானத்தை மூடின. 2021 மே மாதம் பெலாரஸ் தன் வான்வெளியைக் கடந்துகொண்டிருந்த ஒரு பயணிகள் விமானத்தை வெடிகுண்டு மிரட்டல் என்று சொல்லி மின்ஸ்கில் இறக்கி, உள்ளே இருந்த எதிர்க்கட்சிப் பத்திரிகையாளரைக் கைது செய்தது. இவற்றைவிடக் கொடுமை 1983 செப்டம்பர் 1-ல் நடந்தது. வழிதவறி சோவியத் எல்லைக்குள் போன கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அடுத்த ஆண்டுதான் சிகாகோ ஒப்பந்தத்தில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. அமெரிக்க ராணுவத்தின் ஜிபிஎஸ், அமைத்து முடித்ததும் பொதுமக்களுக்கும் இலவசம் என்று அதிபர் ரீகனின் அரசு அறிவித்ததும் அந்தச் சம்பவத்தை ஒட்டித்தான். அந்த விதி வந்த பிறகும் 2014-ல் உக்ரைனுக்கு மேலும் 2020-ல் தெஹ்ரானுக்கு வெளியேயும் பயணிகள் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டன.

இனி காசுக் கணக்கு. அமெரிக்காவில் 1978 வரை மாநிலம் விட்டு மாநிலம் போகும் விமானத்துக்கு வழித்தடத்தையும் கட்டணத்தையும் ஒரு வாரியம்தான் தீர்மானித்தது. 1938-ல் தொடங்கி நாற்பது வருடம் ஒரு புதிய பெரிய நிறுவனத்தைக்கூட அது உள்ளே விடவில்லை. அந்த வாரியத்தின் தலைவராக வந்த பொருளியலாளர் ஆல்ஃபிரட் கானே அதைக் கலைக்க வேண்டும் என்று வாதாடினார். 1978 அக்டோபரில் அதற்கான சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டார். பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் கட்டணம் இறங்கியது, கூட்டம் ஏறியது. நிறுவனங்கள் ஒரு பெரிய நகரத்தை ஹப் ஆக்கி எல்லாரையும் அங்கே கொண்டுவந்து பிரித்து அனுப்பின. லாபமில்லாத சிற்றூர்களைக் கைவிடாமல் இருக்க அரசு மானியம் கொடுக்க வேண்டி வந்தது, இன்றும் கொடுக்கிறது. ஒரு காலத்தில் அமெரிக்காவின் முகமாக இருந்த பான் ஆம் விமான நிறுவனம் 1991-ல் மூடியது. ஐரோப்பா 1990-களில் தன் எல்லைக்குள் அதே கதவைத் திறந்தது, மலிவு விலை நிறுவனங்கள் அதில் புகுந்து வளர்ந்தன.

மலிவு டிக்கெட்டின் ஒரு பங்கு தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் வந்தது. 1981 ஆகஸ்டில் அமெரிக்காவின் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டு நாள் கெடு கொடுத்துவிட்டு ரீகன் 11,000-க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார். விமானத் துறையைத் தாண்டி அந்த நாட்டின் தொழிற்சங்கங்கள் எல்லாமே அந்த அடியை வாங்கின. வேலைநிறுத்தம் என்ற சொல்லுக்கு முதலாளிகள் பயந்த காலம் அதோடு போனது என்று சொன்னால் பெரிய மிகையில்லை.

விமானத்துக்குள் வேலை பார்த்த பெண்களின் கதை தனி. 1930-ல் எலன் சர்ச் என்ற செவிலியர், தானே விமானம் ஓட்டத் தெரிந்தவர், பைலட் வேலை கிடைக்காததால் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார். திருமணம் ஆகியிருக்கக் கூடாது, எடை இவ்வளவுதான், வயது இவ்வளவுதான் என்று நிபந்தனை போட்டு, கல்யாணம் ஆனதும் அனுப்பிவிடுவது பல பத்தாண்டுகள் வழக்கமாக இருந்தது. 1960-களிலும் 70-களிலும் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறித்தான் அதை உடைத்தார்கள். விமானி இருக்கையில் பெண்கள் இன்றும் சொற்பம்.

வேலைக்காக நாடு விட்டுப் போகும் கோடிக்கணக்கானவர்களுக்கும் விமானம் ஒரு புதிய வாழ்க்கை முறையைக் கொடுத்தது. கப்பலில் போனவர் பெரும்பாலும் போனவராகவே இருந்துவிட்டார். விமானத்தில் போகிறவர் இரண்டு வருட ஒப்பந்தத்தில் போய், விடுப்பில் வந்து, மறுபடி போகிறார். நேபாளத்தின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய கால்வாசிக்குச் சமமான பணம் வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்புவது. குடும்பத்துக்கு வருமானம், வேலை கொடுக்கும் நாட்டுக்கோ அதைவிடப் பெரிய வசதி: உழைப்பு மட்டும் வேண்டும், குடியுரிமை கொடுக்க வேண்டாம், வேலை முடிந்ததும் ஒரு டிக்கெட் போட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம். இந்த அளவில் அப்படி ஆளை எடுத்து அனுப்புவது விமானம் இல்லாமல் நடந்திருக்காது.

இத்தனைக்கும் 2018-ல் ஒருமுறையாவது விமானம் ஏறியவர்கள் உலக மக்களில் சுமார் 11 சதவிகிதம்தான் என்று ஸ்டீஃபன் கோஸ்லிங், ஆண்ட்ரியாஸ் ஹம்பே இருவரும் 2020-ல் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. பயணிகள் விமானங்களின் கார்பன் உமிழ்வில் பாதிக்கு உலகின் ஒரே ஒரு சதவிகிதம் பேர் காரணம் என்றும் அது சொல்கிறது. விமான நிலையக் கூட்டத்தைப் பார்த்தால் நம்ப முடியாது. ஆனால் அங்கே நிற்கிற கூட்டத்தில் பலர் அடிக்கடி வருகிற அதே ஆட்கள்.

விமானம் ஏறாதவர் வாழ்க்கையிலும் விமானம் இருக்கிறது என்பது 2010 ஏப்ரலில் தெரிந்தது. ஐஸ்லாந்தில் ஏயாஃப்யாட்லயோகுட்ல் எரிமலை கக்கிய சாம்பல் ஐரோப்பிய வானத்தை ஏறக்குறைய ஆறு நாள் மூடிவிட்டது. சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்து. அங்கங்கே சிக்கிய பயணிகளைத்தான் தொலைக்காட்சி காட்டியது. கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கே பசுமைக்குடில்களில் வெட்டும் ரோஜா குளிரறைக்குப் போகும், குளிர்சாதன லாரியில் நைரோபிக்குப் போகும், இரவு விமானத்தில் ஏறி நெதர்லாந்தின் ஏல மையத்துக்குப் போய்ச் சேரும். வெட்டிய பூவுக்கு ஆயுள் சில நாள்தான். விமானம் நின்றது, செடி நிற்குமா? பூத்துக்கொண்டே இருந்தது. டன் டன்னாக வெட்டிக் குப்பையில் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கான பண்ணைத் தொழிலாளர்களை, நாளை வராதே என்று அனுப்பினார்கள். ஜப்பானில் நிசான், அயர்லாந்திலிருந்து வர வேண்டிய டயர் காற்றழுத்த சென்சார் கிடைக்காமல் சில கார்களின் உற்பத்தியை நிறுத்தியது.

உலக வணிகத்தில் விமானத்தில் போகும் சரக்கு அளவில் ஒரு சதவிகிதத்துக்கும் கீழே. மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். மருந்து, சிப், போன், தடுப்பூசி, மீன், பூ. அதில் சுமார் பாதி பயணிகள் விமானத்தின் வயிற்றில், நம் பெட்டிக்குப் பக்கத்தில்தான் போகும். 2020-ல் கொரோனா பெருந்தொற்றால் பயணிகள் நின்றபோது சரக்குக் கட்டணம் ஏன் எகிறியது என்றால் இதனால்தான். முகக்கவசப் பெட்டிகளை இருக்கைகளில் அடுக்கிக்கூடப் பறந்தார்கள்.

அந்தப் பெருந்தொற்று பரவிய வேகமும் விமானத்தின் வேகம்தான். இது எதிர்பாராதது என்று சொல்லிவிட முடியாது. மஞ்சள் காய்ச்சல் கொசு விமானத்தில் ஏறி வந்துவிடும் என்று பயந்து, 1933-லேயே ஹேக் நகரில் வான் பயணத்துக்கென்று ஒரு சுகாதார ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்.

தரையில் விமானம் கேட்கும் விலைக்கு நரிட்டாவைவிட நல்ல உதாரணம் இல்லை. டோக்கியோவுக்குப் புதிய விமான நிலையம் அங்கேதான் என்று 1966-ல் ஜப்பானிய அரசு, விவசாயிகளைக் கேட்காமலே முடிவு செய்தது. அவர்களில் பலர் போருக்குப் பிறகு தரிசு நிலத்தைத் திருத்திப் பயிர் வைத்தவர்கள். மாணவர்கள் துணைக்கு வந்தார்கள், மரத்தில் தங்களைக் கட்டிக்கொண்டார்கள், சுரங்கம் தோண்டி உட்கார்ந்தார்கள். போலீஸ் தரப்பிலும் போராட்டத் தரப்பிலும் உயிர்கள் போயின. 1978 மார்ச்சில், திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பு, ஒரு குழு கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஏறிக் கருவிகளை அடித்து நொறுக்கியது. மே மாதம், பெரும் போலீஸ் காவலோடு, ஒரே ஓடுபாதையுடன் திறந்தார்கள். இரண்டாவது ஓடுபாதை 2002-ல்தான் வந்தது, அதுவும் திட்டமிட்டதைவிடக் குட்டையாக. விற்க மறுத்தவர்களின் நிலம் வழியில் இருந்தது. ஒரு வயலைச் சுற்றி விமானங்கள் ஊர்ந்து போகும் பாதை பல வருடம் வளைந்து போனது. முதலில் கேட்காமல் விட்டது தவறு என்று 1990-களில் அரசே மன்னிப்புக் கேட்டது. இரவில் விமானம் இறங்க நரிட்டாவில் இன்றும் தடை உண்டு.

லண்டன் ஹீத்ரோவில் வருடத்துக்கு 4,80,000 விமான இயக்கங்கள்தான் என்று வரம்பு இருக்கிறது. அதனால் அங்கே இறங்கவும் கிளம்பவும் கிடைக்கும் நேரமே சொத்தாகிவிட்டது. ஸ்லாட் என்பார்கள். 2016-ல் ஒரு ஜோடி ஸ்லாட்டுக்கு ஓமான் ஏர் 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. ஒதுக்கிய ஸ்லாட்டில் 80 சதவிகிதத்தைப் பயன்படுத்தாவிட்டால் பறிபோகும் என்பது விதி. 2020-ன் தொடக்கத்தில் ஆள் இல்லாமலேயே சில விமானங்கள் பறந்ததற்குக் காரணம் அது. பிறகுதான் விதியைத் தளர்த்தினார்கள்.

காற்றில் கலக்கும் புகை யார் கணக்கு? மனிதர்களின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் விமானத்தின் பங்கு சுமார் 2.5 சதவிகிதம். விமானம் வானில் விட்டுப்போகும் வெண்கோடுகளும் வெப்பத்தைத் தேக்குவதால் மொத்தப் பாதிப்பு அதைவிடக் கூடுதல். 1997-ன் கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தில் உள்நாட்டு விமானங்களின் புகை அந்தந்த நாட்டுக் கணக்கில் வந்தது. நாடு விட்டு நாடு போவதை யார் கணக்கிலும் எழுதாமல், ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். அது ஒரு திட்டத்தை முடிவு செய்ய 2016 வரை ஆனது. அதுவும், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளரும் உமிழ்வுக்கு மட்டும் வேறெங்கோ குறைத்ததற்கான சான்றை வாங்கி ஈடுகட்டும் திட்டம். நடுவில் 2012-ல், எங்கள் விமான நிலையத்தைத் தொடும் எல்லா விமானத்துக்கும் கார்பன் விலை உண்டு என்று ஐரோப்பிய ஒன்றியம் சொல்லிப் பார்த்தது. எங்கள் நிறுவனங்கள் கட்டாது என்று அமெரிக்கா, சீனா, இந்தியா மூன்றும் எதிர்த்து நின்றன. அந்த வருடமே பின்வாங்கி, ஐரோப்பாவுக்குள் பறப்பவற்றோடு நிறுத்திக்கொண்டார்கள்.

எரிபொருளுக்கு வரி போட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். சிகாகோ ஒப்பந்தத்தின் 24-ஆம் பிரிவு, வந்திறங்கும் விமானத்தின் டாங்கியில் ஏற்கெனவே இருக்கும் எரிபொருளுக்குச் சுங்க வரி கூடாது என்று மட்டும்தான் சொல்கிறது. இறங்கிய இடத்தில் நிரப்புவதற்கும் விலக்கு கொடுத்தது அதற்குப் பிறகு வந்த இருதரப்பு ஒப்பந்தங்கள். அவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் திரும்பப் பேசாமல் ஒரு நாடு தனியாக மாற்ற முடியாது.

மிச்சம் இருப்பது டிக்கெட். அதற்கு வரி போடத் தடையில்லை, பிரிட்டன் 1994 முதல் வாங்குகிறது. 2008 ஜூலையில் நெதர்லாந்தும் போட்டது: குறைந்த தூரத்துக்கு 11 யூரோ சொச்சம், நெடுந்தூரத்துக்கு 45. உடனே பல பயணிகள் காரில் எல்லை தாண்டி ஜெர்மன் விமான நிலையங்களில் ஏறிப் பறந்தார்கள். ஒரே வருடத்தில் வரியைப் பூஜ்யமாக்கினார்கள். 2011-ல் ஜெர்மனியும் டிக்கெட் வரி கொண்டுவந்தது. அப்புறம் 2021-ல் நெதர்லாந்து மறுபடி தொடங்கியது, ஏழு யூரோ சொச்சத்தில். 2023-ல் அதை 26 யூரோவுக்கு மேல் உயர்த்தியது. ஆம்ஸ்டர்டாமில் விமானம் மட்டும் மாறிப் போகிறவர்களிடம் இதை வாங்கவில்லை. கேட்டால் அவர்கள் இஸ்தான்புல்லிலோ துபாயிலோ மாறிக்கொள்வார்கள்.